கூரையும் அதற்கு மேலுள்ளதும்

வலது முழங்கால் அன்றைக்கு மத்தியானத்துக்குள்ளேயே கையை விரித்துவிட்டது. கேபினுக்குப் பக்கவாட்டில் இருந்த இரும்பு ஏணிக்கு ஏழு படி. ஏழும் ஏறி இறங்கினால் ஒரு தடவை என்று வைத்துக்கொண்டால், மணி பன்னிரண்டு ஆவதற்கு முன்பே பதினொரு தடவை ஆகியிருந்தது. முப்பது வருஷம் ஏணி மேல் நின்று பிழைத்த ஐம்பத்திரண்டு வயதுக்காரனின் முழங்காலில் என்ன மிச்சம் இருக்கும். எலும்பும் எலும்பும் உரசுகிறது என்றார் டாக்டர். உரசிவிட்டுப் போகட்டும் என்று விட்டால் சத்தம் வேறு போடுகிறது. பக்கத்துப் படகில் வலை தைத்துக்கொண்டிருந்தவன் அந்தச் சத்தத்தைக் கேட்டு, ஏணிக்கு எண்ணெய் விடுங்கள் என்று யோசனை சொன்னான்.

நான் ஒயர்மேன். வீடு, குளிர்பதனக் கிடங்கு, படகு, எதில் ஒயர் ஓடினாலும் போவேன். அன்றைக்குப் போனது மச்சான்மார் படகுக்கு. என் பெண்டாட்டியின் அண்ணனுக்கும் தம்பிக்கும், ஒரு வகையில் என் பெண்டாட்டிக்கும் சொந்தமான படகு. அந்த 'ஒரு வகையில்' என்பதுதான் என் முழங்காலைத் தின்றது.

வேலை என்னவோ சின்ன வேலை. இனிமேல் ஒவ்வொரு படகிலும், தான் நிற்கும் இடத்தைத் தானே காட்டுகிற ஜிபிஎஸ் இருக்க வேண்டும் என்று துறைமுக அலுவலகம் உத்தரவு போட்டிருந்தது. மறுநாள் காலை பத்து மணிக்கு ஆபீசர் வந்து பார்த்து முத்திரை வைப்பார். முத்திரை இல்லாத படகு, அதற்கடுத்த நாள் சீசன் திறக்கும்போது கரையில் நின்று மற்ற படகுகளை வழியனுப்பலாம். இரண்டு மாதமாகக் கட்டிக் கிடந்த படகு. கூடவே ஒன்பது பேருடைய வயிறும் கட்டிக் கிடந்தது.

பெட்டிக்குள் மூன்று சாமான் இருந்தது. கேபினுக்குள் சுக்கானுக்குப் பக்கத்தில் வைக்க ஒரு திரை. வெளியே வைக்க ஒரு ஆண்டெனா, கவிழ்த்து வைத்த கிண்ணம் மாதிரி வெள்ளையாக. இரண்டையும் சேர்க்கப் பத்து மீட்டர் கேபிள். அந்தக் கேபிளை வெட்டக் கூடாது, ஒட்டுப் போட்டு நீட்டக் கூடாது. கூட வந்த புத்தகம் எங்களுக்குப் படிக்கத் தெரியாத நாலு பாஷையில் இருந்தாலும் படங்கள் தெளிவாக இருந்தன. ஆண்டெனாவை இரும்புச் சட்டத்துக்குக் கீழே வைத்தவன், ஆடுகிற கொம்பு நுனியில் வைத்தவன், ஆள் ஏறும் வழியில் வைத்தவன் எல்லார் மேலும் சிவப்புக் கோடு கிழித்திருந்தார்கள். ஒருவன் மட்டும் சிரித்துக்கொண்டு நின்றான். அவன் கேபின் கூரையில் வைத்திருந்தான்.

அவன் சிரிக்காவிட்டாலும் எனக்குத் தெரியும். ஆண்டெனாவுக்குச் சுற்றிலும் வானம் தெரிய வேண்டும், மேலே இரும்பு இருக்கக் கூடாது, அது ஆடக் கூடாது. எல்லாவற்றுக்கும் பொருந்துகிற இடம் கூரைதான். மூன்று மீட்டர் கேபிள் போதும். நாலு திருகு, கேபிள் இறங்க ஒரு ஓட்டை, அரை மணி நேரம். சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போயிருக்கலாம்.

ஆனால் கூரை என் பெண்டாட்டியுடையது.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். ஆறு வருஷத்துக்கு முன்னால் மாமனார் செத்தபோது விட்டுப்போனது பதினான்கு மீட்டர் படகு ஒன்றுதான். குடியிருந்தது வாடகை வீடு. மற்ற குடும்பங்களில் படகை விற்றுப் பணத்தைப் பிரிப்பார்கள், இல்லையென்றால் ஆளுக்கு இத்தனை பங்கு என்று எழுதிக்கொள்வார்கள். என் மச்சான்மார் படகையே பிரித்தார்கள். சுண்ணாம்புக் கட்டியால் தளத்தில் கோடு போட்டு, வீட்டைப் பிரிக்கிற மாதிரி. கேபினின் முன்சுவர் வரைக்கும் பெரியவருக்கு: முன்பக்கம், நங்கூரம், மீன் போடும் அறை. கேபினுக்குப் பின்னால் சின்னவனுக்கு: என்ஜின், வலை இழுக்கிற விஞ்சு, பின்தளம். கேபினுக்குள் இருக்கும் சுக்கானும் மற்றதும் பொது. எல்லாம் முடிந்த பிறகுதான் நடுவில் பிறந்த ஒருத்தி இருக்கிறாள் என்று ஞாபகம் வந்தது. அவளுக்குக் கேபின் கூரையைக் கொடுத்தார்கள். நீளம் இரண்டரை மீட்டர், அகலம் இரண்டு.

அவளைக் கேட்டுச் செய்யவில்லை. எழுதி முடித்து, வாசித்துக் காட்டி, பேனாவை நீட்டினார்கள். பெரியவர் தன் பாகத்துக்கு எட்டு வரி எழுதியிருந்தார், தம்பி பாகத்துக்கு ஏழு வரி. 'கூரை' என்று ஒரே சொல்லில் தங்கை பாகம் முடிந்துபோனது அவருக்கே கூச்சமாக இருந்தது. கொஞ்சம் யோசித்து, 'கேபின் கூரையும் அதற்கு மேலுள்ள அனைத்தும்' என்று நீட்டி எழுதினார். எழுதியதைத் தள்ளி வைத்துப் பார்த்து, நிறையத்தான் கொடுத்திருக்கிறேன் என்று அவரே தலையாட்டிக்கொண்டார்.

கடலுக்குப் போய் வந்தால் வருமானம் இரண்டாகப் பிரியும். கூரைக்குப் பங்கு கிடையாது. கூரை என்ன மீனா பிடிக்குது என்பது பெரியவரின் வாதம். ஆறு வருஷமாக அந்த ஒரே வாதம், தேயவே இல்லை.

என் பெண்டாட்டி சண்டை போடுகிற ஆள் இல்லை. இறால் உரிக்கிற கொட்டகையில் ஐஸ் தண்ணீருக்குள் கையை விட்டுக்கொண்டு தினம் பத்து மணி நேரம் நிற்கிறவளுக்குச் சண்டை போடத் தெம்பு ஏது. அவள் செய்தது ஒன்றுதான். வருஷா வருஷம் படகு கட்டிக் கிடக்கும்போது வந்து கூரையைச் சுரண்டி, கழுவி, நீலப் பெயிண்ட் அடித்துவிட்டுப் போவாள். பெரியவர் தன் பாகத்துக்குப் பச்சை அடிப்பார், சின்னவன் சிவப்பு. தூரத்தில் இருந்து பார்க்கிறவர்கள் மூன்று படகு மோதிக்கொண்டு நிற்கிறது என்றுதான் நினைப்பார்கள்.

அன்று காலை நான் பையைத் தூக்கும்போது அவள் சொன்னாள்:

"அந்தப் பொட்டியைக் கூரையிலதான் வைக்கணும்னு எனக்கும் தெரியும். வைக்கட்டும். ஓட்டை போடறதுக்கு முன்னாடி அண்ணன் என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கணும். தம்பி கேட்டாச் செல்லாது. நீங்க கேட்டாலும் செல்லாது."

காசு வேண்டும் என்று சொல்லவில்லை. கேட்க வேண்டும், அவ்வளவுதான். சொந்தக்காரியிடம்தான் கேட்பார்கள், சொந்தக்காரியாக இருந்தால் கேட்டாக வேண்டும். அதுதான் அவள் கணக்கு.

இதை நான் பெரிய மச்சானிடம் அப்படியே ஒப்பித்தேன். அவர் நங்கூரக் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தார். சுருட்டி முடித்துவிட்டுத்தான் பேசினார்.

"கூரைக்கு எதுக்கு மாப்ள போகணும்? படகு பதினாலு மீட்டர் இருக்கு."

அவரைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். கடலில் முப்பத்தைந்து வருஷம் கத்திக் கத்தியே வேலை வாங்கியவர். கேட்கிற பழக்கமே அவருக்குக் கிடையாது. சாப்பிடும்போது உப்பு வேண்டுமென்றால்கூடக் கேட்க மாட்டார். உப்பு ஜாடியை முறைத்துப் பார்ப்பார், யாராவது எடுத்துக் கொடுக்கிற வரைக்கும். அதோடு சின்னவன் என் காதில் ஓதிய காரணமும் இருந்தது. இன்றைக்குக் கேட்டால், கூரையும் வேலை செய்கிறது என்று ஆகிவிடும். வேலை செய்கிற கூரைக்கு நாளைக்குப் பங்கு.

அதனால் பதினான்கு மீட்டரில் கூரையைத் தவிர மற்ற இடமெல்லாம் தேட ஆரம்பித்தோம்.

முதலில் படகின் மூக்கு. பெரியவர் பாகம், பெரியவர் யோசனை. திரையிலிருந்து மீன் அறையைச் சுற்றிக் கயிறு பிடித்து அளந்தேன். பதினொன்றரை மீட்டர் வந்தது. ஒன்றரை மீட்டர் உதைக்கிறது. சுற்றிப் போகாமல் மீன் அறை மூடிக்கு மேலேயே நேராகப் போடு என்றார். மூடியை ஒரு நாளைக்கு நாற்பது தடவை திறப்பீர்களே என்றேன். திறக்கும்போது கேபிளைத் தாண்டிக்கொள்வோம் என்றார். அவரே சொன்ன பிறகு எனக்கென்ன. ஆண்டெனாவை முன்கம்பத்தின் தலையில் கட்டி, கேபிளை மூடிக்குக் குறுக்கே இழுத்தேன். திரை உயிர் பெற்றது. பெரியவர் முகமும்.

அந்த நேரம் பார்த்துச் சின்னவன் டீ வாங்கிக்கொண்டு கரையில் வந்தான். இந்தப் படகில் ஏறுகிற எல்லாருக்கும் ஒரே வழிதான்: முன்கம்பத்தின் தலையைப் பிடித்து ஒரு ஊஞ்சலாட்டம் ஆடி உள்ளே வந்து விழ வேண்டும். இருபது வருஷமாகக் கை தானாகப் போய்ப் பிடிக்கும். பிடித்தது. கிண்ணம் கையோடு வந்தது. அவனும் ஆண்டெனாவும் டீயும் தளத்தில் விழுந்தார்கள். ஆண்டெனாவின் அடித்தட்டில் ஒரு காது வளைந்துபோயிற்று. பெரியவர் முதலில் டீயைப் பற்றித்தான் விசாரித்தார்.

அடுத்தது சின்னவன் பாகம். விஞ்சுக்கு மேலே வலையைத் தூக்குகிற இரும்புச் சட்டம் ஒன்று உண்டு, கோல் போஸ்ட் மாதிரி. அதன் குறுக்குக் கம்பிக்குக் கீழே இடம் இருக்கிறது என்றான். இரும்பு வானத்தில் பாதியை மறைக்கும், பக்கத்திலேயே என்ஜின் புகைக்குழாய் வேறு என்றேன். வைத்துத்தான் பார்ப்போமே அத்தான் என்றான். வைத்தோம். ஜிபிஎஸ் வானத்தில் இருக்கும் சாட்டிலைட்டுகளைப் பிடித்துத்தான் இடம் சொல்லும். நாலாவது கிடைத்தால்தான் சரியாகச் சொல்லும். ரொம்ப நேரம் மூன்றையே வைத்துக்கொண்டு முழித்துவிட்டு, கடைசியில் ஒரு இடம் காட்டியது. எங்கள் படகு ஐஸ் பேக்டரிக்குள் நின்றது.

"பரவால்ல அத்தான்," என்றான் சின்னவன். "ஐஸ் ஏத்த வசதி."

ஐந்து நிமிஷத்தில் படகு அங்கிருந்து கிளம்பி மெயின் ரோட்டுக்குப் போய் லாரிகளுக்கு நடுவே நின்றது. கயிற்றில் கட்டிய படகு இவ்வளவு தூரம் போனதைப் பார்த்துப் பெரியவருக்கே பயம் வந்து, வெளியே தலையை நீட்டிக் கயிற்று முடிச்சை ஒரு தடவை சரிபார்த்துக்கொண்டார்.

மூன்றாவது யோசனை வந்தபோது முழங்கால் வலி என்று நான் படுத்துவிட்டிருக்க வேண்டும், எழுந்து நின்றது என் தப்பு. சின்னவனின் இரும்புச் சட்டத்தில் ஒரு பைப்பைக் கிளாம்ப் போட்டு நிறுத்தி, மேலே போய் ஒரு எல்போ வைத்து வளைத்து, கூரைக்கு மேலே கழுத்தை நீட்டி வைத்தால்? ஆண்டெனா கூரைக்கு நேர் மேலே இருக்கும். கூரையைத் தொடாது. ஒரு திருகுகூடக் கிடையாது. பைப் நிற்பது தம்பி பாகத்தில். நீட்டிக்கொண்டிருப்பது காற்றில். காற்றுக்கு யாரைக் கேட்பது?

பெரியவர் இதைச் சொன்னபோது அவர் கண்ணில் இருந்த சந்தோஷத்தை நான் அவர் கல்யாணத்தில்கூடப் பார்த்ததில்லை.

கிளாம்புக்கும் எல்போவுக்கும் கடைக்குப் போய் வந்து, ஏணி ஏறி, பைப்பை நிறுத்தி, கேபிளை அதற்குள் விட்டு, முடிக்கிறபோது மணி இரண்டு. கொக்கு மீனைப் பார்த்துக் குனிந்த மாதிரி பைப் கூரையை எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றது. ஒன்பது சாட்டிலைட் வந்தது. இடம் சரி. பெரியவர் என் தோளில் தட்டப் போனார். அதற்குள் ஒரு படகு பக்கத்தில் போனது. அலை அடித்தது. எங்கள் படகு ஒரு சாண் சாய்ந்தால் பைப்பின் நுனி ஒரு முழம் வீசியது. திரை உடனே எங்கள் படகு மணிக்கு மூன்று கிலோமீட்டர் வேகத்தில் மேற்கே போவதாகச் சொன்னது. பிறகு கிழக்கே. பிறகு மேற்கே. ஆடுகிற கொம்பு நுனியில் வைத்தவன் மேல் ஏன் சிவப்புக் கோடு கிழித்திருந்தார்கள் என்று எனக்கு இப்போது புரிந்தது.

கட்டிக் கிடக்கும்போதே வேகம் காட்டினால் நல்லதுதானே, ஆபீசர் படகு சுறுசுறுப்பு என்று நினைப்பார் என்றான் சின்னவன். அவனை யாரும் கண்டுகொள்ளவில்லை, ஏனென்றால் அப்போது என் பெண்டாட்டி கரையில் வந்து நின்றாள். கொட்டகையில் சாப்பாட்டு நேரம். கையில் எனக்குத் தூக்குப் பாத்திரம். விரல்கள் ஐஸில் ஊறி வெளுத்துப் போயிருந்தன. அண்ணாந்து பைப்பைப் பார்த்தாள். பைப் மேற்கே போய்க் கிழக்கே வந்தது.

"இது யாரோட யோசனை?" என்று என்னைத்தான் கேட்டாள். நான் தூக்குப் பாத்திரத்தை வாங்கித் திறந்து சாப்பாட்டைப் பார்த்தேன்.

பெரியவர், கூரையை யாரும் தொடவில்லை, நன்றாகப் பார்த்துக்கொள், நடுவில் கை நுழைகிற இடைவெளி இருக்கிறது என்றார்.

"நீங்க எழுதினதுதானே அண்ணா. கூரையும் அதுக்கு மேல உள்ளதும்னு. மேல எவ்வளவு உசரம்னு எழுதலையே."

பெரியவருக்கு அந்த வரி ஞாபகம் இருந்தது முகத்திலேயே தெரிந்தது.

"அப்ப அந்தச் சாட்டிலைட்டெல்லாம் அக்காவோடதா?" என்று கேட்டான் சின்னவன். அவனுக்கு நிஜமாகவே சந்தேகம்.

அவள் கூரைக்கு மேலே இருந்த ஒவ்வொன்றையும் விரல் நீட்டிக் காட்ட ஆரம்பித்தாள். அதோ ரேடியோ கம்பி. அதோ மஞ்சள் விளக்கு. அதோ ஹாரன். கொடிக்கம்பம். ஆறு வருஷத்தில் எதை வைத்தபோதும் யாரும் கேட்கவில்லை, அதெல்லாம் போகட்டும் என்றாள். இந்த ஒன்றையாவது கேட்டு வைக்கட்டும். குரலை உயர்த்தவில்லை. பக்கத்துப் படகுக்காரன் வலை தைப்பதை நிறுத்திவிட்டான்.

பெரியவருக்கு வியர்த்தது. பாவம், அவர் முயற்சி செய்யவில்லை என்று சொல்ல முடியாது. முதலில் என்னைப் பார்த்து, உன் வீட்டுக்காரிக்கிட்ட நீயே கேளு மாப்ள என்றார். செல்லாது என்றேன். தம்பியைப் பார்த்தார். செல்லாது என்று அவனே சொல்லிவிட்டான். பிறகு எழுந்து போய், படகின் ஓரத்தில் நின்று, தண்ணீரைப் பார்த்தபடி, இங்கே கூரையில் வைத்தால் யாருக்கும் ஆட்சேபணை இருக்கப்போவதில்லை என்று பொதுவாக அறிவித்தார்.

"யாரைக் கேக்கறாரு?" என்றாள் என் பெண்டாட்டி.

"கடலைக் கேக்கறாரு," என்றான் சின்னவன்.

கடல் ஒன்றும் சொல்லவில்லை. சாப்பாட்டு நேரம் முடிந்து அவள் கொட்டகைக்குப் போய்விட்டாள். நான் பைப்பைக் கழற்றினேன். அதற்கும் ஏணிதான்.

சாயங்காலம் அவளும் நானும் ஒன்றாக வீட்டுக்கு நடந்தோம். என் நடைக்கு அவள் நடையைக் குறைத்துக்கொண்டாள். விட்டுக்கொடுத்தால் என்ன, நாளைக்கு ஆபீசர் வருகிறார், ஒன்பது பேர் பிழைப்பு என்றேன்.

"இன்னிக்கு எத்தனை தடவை ஏணி ஏறினீங்க?"

இருபத்தாறு என்றேன்.

"எங்க அண்ணன் ஒரு தடவை வாயைத் திறந்திருந்தா ஒரு தடவையோட முடிஞ்சிருக்கும். முழங்காலுக்கு அவரைக் கேளுங்க."

அதற்குப் பிறகு எதையோ யோசித்துக்கொண்டே நடந்தாள். தெருமுனையில் நின்று, அந்த ஆண்டெனாவை ஒருத்தர் கையில் பிடித்துக்கொண்டால் வேலை செய்யுமா என்று கேட்டாள். ஆடாமல் பிடித்தால் செய்யும் என்றேன்.

மறுநாள் காலை ஒன்பதரைக்குக் கொட்டகையில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு அவள் துறைக்கு வந்தாள். பெரியவர் முன்பக்கத்தில் உட்கார்ந்து ஏற்கெனவே சுருட்டிய கயிற்றை அவிழ்த்து மறுபடி சுருட்டிக்கொண்டிருந்தார். கூலியாட்கள் ஏழு பேரும் பையும் படுக்கையுமாகக் கரையில் உட்கார்ந்திருந்தார்கள். அவள் என் கையிலிருந்த ஆண்டெனாவை வாங்கிக்கொண்டு ஏணியில் ஏறினாள். நீலக் கூரையின் நடுவில் போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஆண்டெனாவை மடியில் நிமிர்த்தி வைத்துக்கொண்டாள். உட்காருவதற்கு யாரையும் கேட்க வேண்டியதில்லை, இது என் கூரை என்றாள். ஓட்டை மட்டும் கேட்காமல் போட விட மாட்டாளாம்.

கேபிளின் மறுமுனையைத் திரையில் சொருகினேன். பதினோரு சாட்டிலைட். இடம், நாங்கள் நின்ற துறையின் மூலை, தப்பே இல்லை. வேகம் பூஜ்யம். இரண்டு படகுகள் அலை கிளப்பிக்கொண்டு போயும் பூஜ்யம் அசையவில்லை. அவ்வளவு நல்ல இடத்தில் ஒரு ஆண்டெனா உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

பத்து மணிக்கு ஆபீசர் வந்தார். ஒல்லியான மனிதர், கையில் பைல், காலில் படகுக்குச் சற்றும் ஒத்துவராத ஷூ. கேபினுக்குள் வந்து திரையைப் பார்த்து, எண்களை எழுதிக்கொண்டு, நன்றாக வேலை செய்கிறதே என்றார். சின்னவன் அதற்குள் முத்திரைக்காக மேஜையைத் துடைக்க ஆரம்பித்துவிட்டான். படிவத்தில் ஒரு கட்டம் மிச்சம் இருந்தது, ஆண்டெனா பொருத்திய இடம் என்று. ஆபீசர் வெளியே வந்து அண்ணாந்து பார்த்தார். பார்த்தவர் அப்படியே நின்றார்.

"அது என்ன?"

"ஆண்டெனா சார்," என்றான் சின்னவன்.

"ஆண்டெனா தெரியுது. அதுக்குக் கீழ இருக்கறது என்ன?"

"அக்கா சார்."

ஆபீசர் பேனாவை மூடினார். ஆண்டெனாவை நிலையாகப் பொருத்தியிருக்க வேண்டும், இருக்கிற இடத்தை விட்டு நகரக் கூடாது, விதி அப்படித்தான் சொல்கிறது என்றார்.

"நகராது சார்," என்றார் பெரியவர், முன்பக்கத்திலிருந்தே. "ஆறு வருஷமாப் பாக்கறேன். ஒரு இம்மி நகரலை."

கரையில் உட்கார்ந்திருந்த ஏழு பேரும் குனிந்துகொண்டார்கள். ஆபீசர் சிரிக்கவில்லை. நாலு திருகு போட என்ன கஷ்டம் என்று கேட்டார். எனக்கு முழங்கால் வலி, தூக்கமில்லை, மச்சான்மார் முகத்தைப் பார்த்துப் பேசுகிற பொறுமையும் தீர்ந்துபோயிருந்தது. சொந்தக்காரர் இன்னும் சம்மதிக்கவில்லை சார் என்று சொல்லிவிட்டேன்.

அவர் பைலைப் புரட்டினார். இந்தப் படகுக்கு இரண்டு சொந்தக்காரர்கள் என்றுதான் இருக்கிறது, இரண்டு பேரும் இங்கேதான் நிற்கிறீர்கள், இதில் யார் சம்மதிக்கவில்லை என்றார்.

இப்போது எல்லாரும் பெரியவரைப் பார்த்தோம். அவர் கயிற்றைப் பார்த்தார். தண்ணீரைப் பார்த்தார். தம்பியைப் பார்த்தார், அவன் துடைத்த மேஜையை மறுபடி துடைத்துக்கொண்டிருந்தான். கடைசியில் அவர் சொன்னது பாதி காற்றோடு போயிற்று, மீதி எங்களுக்குக் கேட்டது.

"கூரை தங்கச்சியுது சார். அதுக்கு மேல உள்ளதும்."

அப்படியென்றால் சொந்தக்காரர் மூன்று பேர், மூன்று கையெழுத்து வேண்டும் என்று ஆபீசர் இன்னொரு கோடு போட்டு, அவள் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டார். பிறகு, இன்னும் நாலு படகு பார்க்க வேண்டும், பதினோரு மணிக்குத் திரும்பி வருவேன், அப்போது அது திருகில் இருக்க வேண்டும், ஆள் மடியில் இருக்கக் கூடாது என்று சொல்லிவிட்டு, ஷூவைப் பார்த்துப் பார்த்து இறங்கிப் போனார்.

அவர் போனதும் பெரியவர் கயிற்றைக் கீழே வைத்தார். எழுந்து வந்து ஏணியைப் பிடித்தார். பாகம் பிரித்த நாளிலிருந்து அவர் அந்த ஏணியில் கால் வைத்ததில்லை. ரேடியோவோ விளக்கோ எது கெட்டாலும் யாரையாவது ஏற்றிவிடுவார். இப்போது ஒவ்வொரு படியாக ஏறி ஆறாவது படியில் நின்றார். தலை கூரைக்கு மேலே தெரிந்தது, தங்கையின் முழங்காலுக்கு நேரே. நான் டிரில்லைக் கையில் எடுத்துக்கொண்டேன்.

பெரியவர் வாயைத் திறந்தார்.

"பெயிண்ட் நல்லாப் பிடிச்சிருக்கு."

"ஆமா அண்ணா."

"நீலம்."

"நீலந்தான்."

அவர் ஒரு கையால் கூரையைத் தட்டிப் பார்த்தார், கெட்டியாக இருக்கிறதா என்பது போல. உதடு இரண்டு தடவை அசைந்தது. அவள் குனிந்து, முகத்தைக் கிட்டே கொண்டுபோய்க் காத்திருந்தாள். உதவி செய்கிற மாதிரிகூட இருந்தது. பிறகு அவர் இறங்கிவிட்டார். இறங்கிய வேகத்தில் ஒரு படி தவறியது.

மணி பத்தே முக்கால். கரையில் இருந்த ஏழு பேரில் ஒருவனின் பெண்டாட்டி இவளுக்குப் பக்கத்தில் நின்று இறால் உரிக்கிறவள். அவன் படுக்கைச் சுருட்டின் மேல் உட்கார்ந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தான். என் பெண்டாட்டி அவனை ஒரு தடவை பார்த்தாள். பிறகு என்னை.

"டிரில்லை எடுத்துட்டு வாங்க."

இன்னும் கேட்கலையே என்றேன், சத்தம் வராமல்.

"தெரியும். படகு போகட்டும். அவர் கேக்க வேண்டியது அப்படியே நிக்கட்டும்."

இருபத்தேழாவது தடவையாக ஏறினேன். இடத்தை அவளே விரலால் காட்டினாள். ரேடியோ கம்பியிலிருந்து ஒரு மீட்டராவது தள்ளி வேண்டும் என்றேன். தன் கையால் இரண்டு முழம் அளந்து, கொஞ்சம் கூட்டியே தள்ளி, அங்கே பென்சிலால் வட்டம் போட்டாள். வளைந்த காதைச் சுத்தியால் நிமிர்த்தி, நாலு ஓட்டை போட்டேன். கேபிளுக்கு ஒன்று. நீலத்தூள் பறந்து அவள் மடியில் விழுந்தது. ஓட்டைகளில் ரப்பர் பசை திணித்து, திருகுகளை இறுக்கி, மழைத்தண்ணீர் கேபிளோடு உள்ளே ஓடாமல் சொட்டிப்போகக் கேபிளை ஒரு தொங்கல் விட்டுக் கட்டினேன். மிச்ச ஏழு மீட்டரைக் கேபினுக்குள் சுருட்டி வைத்தேன். எல்லாம் சேர்த்து இருபது நிமிஷம்.

பத்து நிமிஷம் தாமதமாகத்தான் ஆபீசர் வந்தார். பார்த்தார், கையால் அசைத்தார், முத்திரை குத்தினார். மூன்றாவது கோட்டில் அவள் கையெழுத்துப் போட்டாள். பெரியவர் பேனாவை நீட்டினார், முகத்தைத் திருப்பிக்கொண்டு.

படகு மறுநாள் போயிற்று. நாலு நாள் கழித்து நல்ல மீன்பாட்டோடு வந்தது. செலவு போகப் பணத்தைப் பெரியவர் மூன்றாகப் பிரித்து, ஒரு பங்கைச் சின்னவனிடம் கொடுத்து எங்கள் வீட்டுக்கு அனுப்பினார். அதையும் யாரையும் கேட்காமல்தான் செய்தார். சின்னவனுக்கு முகம் சுண்டிப்போயிருந்தது, ஆனாலும் கொண்டுவந்து கொடுத்தான். அவள் எண்ணாமல் வாங்கி வைத்துக்கொண்டு, அண்ணன் ஏதாவது சொன்னாரா என்று கேட்டாள். சொல்லவில்லை, ஜிபிஎஸ் நன்றாக வேலை செய்கிறது என்று மட்டும் இரண்டு தடவை சொன்னார் என்றான்.

இப்போது மூன்றாவது சீசன். பெரியவர் வாரத்துக்கு ஒரு தடவை எங்கள் வீட்டுக்கு வருகிறார். வாசலில் உட்கார்ந்து என் முழங்காலை விசாரிக்கிறார். பெயிண்ட் விலை ஏறிவிட்டது என்கிறார், கூரைக்கு இந்தத் தடவையும் நீலம்தானா என்கிறார். அவள் டீ கொடுத்துவிட்டு எதிரிலேயே நிற்கிறாள், டம்ளரை வாங்கிக்கொண்டு போகாமல். டீ ஆறுகிறது. எழுந்து போய்விடுகிறார்.

உன் கூரையில் ஓட்டை போடட்டுமா என்று என் பெண்டாட்டியிடம் அவர் கேட்டிருக்க வேண்டிய அந்த ஒரு வார்த்தை இன்னும் பாக்கி.